மனப் பாரத்தை இறக்கும் பேனா

வாய்விட்டுச் சொல்ல முடியாத துயரத்தைக் காகிதத்தில் எழுதினால் நெஞ்சு லேசாகுமா? 'ஆகும்' என்கிறது ஆராய்ச்சி. 'ஆயிற்று' என்கிறார்கள், மதுரைப் பக்கத்தில் எழுதிப் பார்த்த பெண்கள்.

சுவரிடம் சொன்ன கிழவி

ஒரு கிழவி இருந்தாள். கணவனை இழந்தவள். அவளுக்கு இரண்டு மகன்கள். இரண்டு மருமகள்கள். நான்கு பேரும் அவளைத் திட்டாத நாள் கிடையாது. சொல்லி அழ அவளுக்கு ஒருவரும் இல்லை. எல்லாவற்றையும் மனத்துக்குள்ளேயே போட்டுப் பூட்டி வைத்தாள்.

என்ன ஆயிற்று? கிழவியின் உடம்பு நாளுக்கு நாள் பருத்துக்கொண்டே போயிற்று. "தின்று தின்று கொழுக்கிறாள்" என்று அதற்கும் ஏச்சு விழுந்தது.

ஒரு நாள் வீட்டில் யாரும் இல்லை. கிழவி கால் போன போக்கில் நடந்தாள். ஊருக்கு வெளியே கூரை இல்லாத ஒரு பாழ்வீடு நின்றது. உள்ளே போனாள். ஒரு சுவரைப் பார்த்து, மூத்த மகன் செய்த கொடுமைகளை எல்லாம் சொன்னாள். சொல்லி முடித்தாளோ இல்லையோ, அந்தச் சுவர் இடிந்து விழுந்தது. கிழவியின் உடம்பும் கொஞ்சம் இளைத்தது!

அடுத்த சுவரிடம் மூத்த மருமகளைப் பற்றிச் சொன்னாள். அதுவும் விழுந்தது. மூன்றாவது சுவர் இளைய மகனுக்கு. நான்காவது சுவர் இளைய மருமகளுக்கு. நான்கு சுவர்களும் மண்ணாயின. கிழவி இளைத்த உடம்போடும் லேசான மனத்தோடும் வீட்டுக்குத் திரும்பினாள்.

இது தமிழ்நாட்டில் வழங்கிய பழங்கதை. அறிஞர் ஏ.கே. ராமானுஜன் 1991-ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்திய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் இது இடம் பெற்றிருக்கிறது.

சுவர் ஆறுதல் கூறவில்லை. புத்திமதி சொல்லவில்லை. கேட்டதை ஊராரிடம் போய்ச் சொல்லவும் இல்லை. கிழவிக்கு அதுவே போதுமாக இருந்தது.

இழவு வீட்டில் இறக்கிய சுமை

கதையில் வரும் கிழவிக்குச் சுவர் கிடைத்தது. கிராமத்துப் பெண்களுக்கு என்ன கிடைத்தது?

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரங்களில் இழவு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பெண்கள் வட்டமாகக் கூடித் தோள்மேல் தோள் சேர்த்து ஒப்பாரி வைப்பார்கள். செத்தவரைப் பற்றித் தொடங்கும் பாட்டு, சிறிது நேரத்தில் அழுகிறவளின் சொந்தக் கதைக்குத் திரும்பிவிடும். இறந்துபோன தாய், கைவிட்ட அண்ணன், பிறந்த வீட்டுக்குப் போக வழியில்லாத ஏக்கம், புகுந்த வீட்டில் பட்ட பாடு எல்லாம் அந்தப் பாட்டுக்குள் வந்து சேரும்.

மற்ற நாட்களில் அவள் இதைச் சொன்னால், "குடும்ப மானத்தைக் கெடுக்கிறாள்" என்பார்கள். ஒப்பாரியில் சொன்னால் ஒருவரும் குறை கூற மாட்டார்கள். அழுது முடித்தபின் முகத்தைக் கழுவிக்கொண்டு வயல் வேலைக்குப் போவாள்.

நாற்று நடும்பொழுதும் களை பறிக்கும்பொழுதும் பெண்கள் பாடிய பாட்டுக்களிலும் இப்படிப்பட்ட கதைகள் உண்டு. வாய்ப்பாட்டு அவர்களுக்கு ஒரு வடிகாலாக இருந்தது. இப்பொழுது நடவுக்கு இயந்திரம் வந்துவிட்டது. ஒப்பாரி தெரிந்த பாட்டிகளும் குறைந்துவிட்டார்கள்.

வடிகால் அடைபட்டால் தண்ணீர் தேங்கும். மனமும் அப்படித்தான். ஆனால், பாட்டு போன இடத்தில் வேறொன்று வந்திருக்கிறது. அதுதான் எழுத்து. எழுத்தால் அந்த வேலையைச் செய்ய முடியுமா என்பதை ஓர் அமெரிக்கப் பேராசிரியர் சோதித்துப் பார்த்தார்.

டல்லாஸ் நகரத்துச் சோதனை

அமெரிக்காவில் டல்லாஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்குள்ள தெற்கு மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் மனநூல் பேராசிரியராக இருந்தவர் ஜேம்ஸ் பென்னிபேக்கர். அவரும் சாண்ட்ரா பீல் என்ற பெண்மணியும் செய்த சோதனையின் முடிவு 1986-இல் வெளியாயிற்று.

சோதனைக்கு 46 மாணவ மாணவிகள் வந்தார்கள். தொடர்ந்து நான்கு நாட்கள், நாளைக்கு 15 நிமிடம் அவர்கள் எழுத வேண்டும். இதுதான் வேலை.

சிலரிடம், "நீங்கள் இருக்கும் அறை எப்படி இருக்கிறது?" என்பது போன்ற சாதாரண விஷயங்களை எழுதச் சொன்னார்கள். மற்றவர்களிடம், "உங்கள் வாழ்க்கையில் மனத்தை மிகவும் வருத்திய சம்பவத்தை எழுதுங்கள்" என்றார்கள். இவர்களிலும் மூன்று பிரிவு. சிலர் நடந்ததை மட்டும் எழுத வேண்டும். சிலர் பட்ட வேதனையை மட்டும் எழுத வேண்டும். சிலர் இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும்.

எழுதிய உடனே என்ன ஆயிற்று? துயரத்தை எழுதியவர்களுக்கு வருத்தம் அதிகமாயிற்று. இரத்த அழுத்தம்கூடச் சிறிது ஏறியது. "இது என்ன, வம்பை விலைக்கு வாங்கிய கதையாக இருக்கிறதே!" என்று தோன்றும்.

ஆனால், அடுத்த ஆறு மாதங்களின் கணக்கைப் பார்த்தபொழுதுதான் உண்மை தெரிந்தது. நடந்ததையும் பட்ட வேதனையையும் சேர்த்து எழுதிய மாணவர்கள், பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்குப் போனது குறைந்திருந்தது!

அதன்பிறகு பல நாடுகளில் இந்தச் சோதனையைச் செய்து பார்த்தார்கள். 2006-இல் ஜோவான் ஃப்ராட்டரோலி என்ற ஆராய்ச்சியாளர் 146 ஆராய்ச்சிகளைச் சேர்த்துக் கணக்கிட்டார். எழுதுவதால் நன்மை உண்டு என்பது உறுதியாயிற்று. அந்த நன்மை பெரிது இல்லை, சிறிதுதான் என்பதும் தெரிந்தது. சிறிது என்றாலும், இதற்கு ஆகும் செலவு என்ன? ஒரு பேனா, நாலு காகிதம், நாளைக்குக் கால் மணி நேரம்!

'ஏனென்றால்' என்ற சொல்

எழுதினால் ஏன் பாரம் குறைகிறது?

மனத்துக்குள் நினைக்கும்பொழுது ஒரே நினைவு செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றி வருகிறது. முதலும் இல்லை, முடிவும் இல்லை. எழுத உட்கார்ந்தால் அப்படிச் சுற்ற முடியாது. ஒரு வாக்கியத்துக்குப் பின் அடுத்த வாக்கியம் வந்தாக வேண்டும். "இது நடந்தது. அதனால் அது நடந்தது" என்று வரிசை வந்துவிடுகிறது.

பென்னிபேக்கரும் அவருடைய கூட்டாளிகளும், பலர் எழுதிய காகிதங்களில் எந்தெந்தச் சொற்கள் வருகின்றன என்று எண்ணிப் பார்த்தார்கள். 1997-இல் வெளிவந்த முடிவு இது: 'ஏனென்றால்', 'அதனால்', 'இப்பொழுது புரிகிறது' என்ற வகைச் சொற்கள் நாளுக்கு நாள் யாருடைய எழுத்தில் கூடி வந்தனவோ, அவர்களே அதிக நன்மை அடைந்தார்கள்.

அதாவது, முதல் நாள் அழுகையாக இருந்தது நான்காவது நாள் ஒரு கதையாக மாறுகிறது. கதையாகிவிட்டால் அதைத் தூக்கி ஓரமாக வைக்க முடிகிறது.

'எழுதத் தெரியாதவர்கள் என்ன செய்வது?' என்று கேட்கலாம். 2006-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி இதற்குப் பதில் தருகிறது. துன்பத்தை எழுதியவர்களும், ஒலிப்பதிவுக் கருவியில் தனியாகப் பேசியவர்களும் நன்மை அடைந்தார்கள். மனத்துக்குள் நினைத்துக்கொண்டே இருந்தவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. இன்று கையடக்கத் தொலைபேசியிலேயே குரலைப் பதிவு செய்யலாம். எழுத்து வராத பாட்டிக்கும் வழி இருக்கிறது.

பேனா எட்டாத கைகள்

கால் மணி நேரம், நாலு காகிதம் என்று சொல்வது எளிது. பெண்களுக்கு அவை எளிதில் கிடைத்ததில்லை.

வங்காளத்தில் ராஸசுந்தரி தேவி என்று ஒரு பெண்மணி இருந்தார். பெண் படித்தால் விதவையாவாள் என்று மக்கள் நம்பிய காலம் அது. அவர் ஒரு பக்திப் புத்தகத்திலிருந்து ஓர் ஏட்டை எடுத்து அடுப்படியில் ஒளித்து வைத்தார். மகன் எழுதிப் பழகிய ஓலையோடு அதை ஒப்பிட்டுப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் எழுத்துக் கற்றார். அவர் எழுதிய வாழ்க்கை வரலாறு 1876-இல் வெளிவந்தது. வங்க மொழியில் அச்சில் வந்த முதல் தன்வரலாறு அதுவே என்று கூறுகிறார்கள்.

தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி, எழுதப் படிக்கத் தெரிந்த ஆண்கள் நூற்றுக்கு 87 பேர். பெண்கள் 73 பேர். இந்தப் பெண்களில் எத்தனை பேருக்குச் சொந்தமாக ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது? எழுதுவதற்குத் தனியாக ஒரு மூலை இருக்கிறது? அந்தக் கணக்கை யாரும் எடுக்கவில்லை.

ஆனாலும், எழுதித் தீர வேண்டும் என்று எழுதிய பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் இருவர் நமக்கு மிக அருகில் உள்ளவர்கள். ஒருவர் மதுரைக்குத் தென்மேற்கே பிறந்தவர். மற்றவர் வடகிழக்கே பிறந்தவர்.

கிழித்த மட்டையே பெயராயிற்று

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டி என்ற ஊர் இருக்கிறது. இப்பொழுது விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1958-இல் அங்கே ஒரு தலித் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் பாமா. தந்தை இராணுவத்தில் வேலை பார்த்தார். தாய் கூலி வேலைக்குப் போனார். "நன்றாகப் படி" என்று அண்ணன் சொன்னார். அந்த அண்ணன்தான் எழுத்தாளர் ராஜ் கௌதமன்.

பாமா படித்தார். ஆசிரியை ஆனார். ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யலாம் என்று கன்னியர் மடத்தில் சேர்ந்தார். தெருவில் கண்ட சாதி வேற்றுமையை அங்கேயும் கண்டார். ஏழு ஆண்டுகள் பொறுத்தார். பிறகு வெளியே வந்துவிட்டார்.

அப்பொழுது அவருக்கு வேலை இல்லை. கையில் பணம் இல்லை. உலகமே புதிதாக இருந்தது. மனம் நொறுங்கிக் கிடந்தது. நண்பரான ஒரு பாதிரியார், "உன் இளமை நினைவுகளை எழுது" என்று தூண்டினார். பாமா எழுதத் தொடங்கினார். புத்தகம் போட வேண்டும் என்ற எண்ணத்தோடு எழுதவில்லை. தன் மனத்தின் புண் ஆறுவதற்காக எழுதியதே அது என்று பிற்காலத்தில் அவர் பலமுறை கூறியிருக்கிறார்.

அப்படி எழுதியதுதான் 'கருக்கு'. 1992-இல் மதுரையில் வெளியாயிற்று. பனை மட்டையின் இரண்டு ஓரங்களிலும் ரம்பப் பற்களைப் போல இருக்குமே, அதற்குத்தான் கருக்கு என்று பெயர். சிறு வயதில் விறகு பொறுக்கப் போன பாமாவின் தோலைக் கிழித்தது அந்தக் கருக்கு. கிழித்ததன் பெயரையே புத்தகத்துக்கு வைத்துவிட்டார்!

புத்தகத்தின் தமிழ், ஊரில் பேசும் தமிழ். "இது என்ன கொச்சை!" என்று அந்தக் காலத்தில் முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால், காயம் பட்டவர் எந்த மொழியில் அழுதாரோ அந்த மொழியில்தானே எழுத முடியும்?

வெளியான புதிதில் சொந்த ஊரிலேயே எதிர்ப்பு வந்தது. "ஊர் விஷயத்தை எல்லாம் எழுதிவிட்டாளே!" என்று கோபம். சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. பிறகு ஊரார் புரிந்துகொண்டார்கள். 2000-இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அந்த மொழிபெயர்ப்புக்குக் கிராஸ்வேர்ட் விருது கிடைத்தது.

பாமா மீண்டும் ஆசிரியை வேலைக்குப் போனார். 'சங்கதி', 'வன்மம்' என்று மேலும் புத்தகங்கள் எழுதினார். தனக்காக எழுதிய ஒரு நோட்டு, அவரை மறுபடி எழுந்து நடக்க வைத்தது. அதே நோட்டு, ஆயிரக்கணக்கானவர்களுக்கு, "இது என் கதையும்தான்" என்று சொல்லும் தைரியத்தைக் கொடுத்தது.

நள்ளிரவில் எழுதிய கவிதை

மதுரையிலிருந்து திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையில் துவரங்குறிச்சி என்ற ஊர் வரும். 1968-இல் அங்கே பிறந்தவர் கவிஞர் சல்மா.

அந்த ஊர் வழக்கப்படி, வயதுக்கு வரும் பருவத்தில் பெண் பிள்ளைகளின் படிப்பை நிறுத்திவிடுவார்கள். 13 வயதில் சல்மாவின் பள்ளிக்கூடம் நின்றது. வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. ஒரு சின்னச் சன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கலாம். அவ்வளவுதான் உலகம். மளிகைச் சாமான் கட்டி வந்த பத்திரிகைத் துண்டுகளைக்கூட விடாமல் பிரித்துப் படித்தார்.

படித்தவர் எழுதவும் தொடங்கினார். திருமணமாகிப் போன வீட்டில் அவர் எழுதுவதற்கு எதிர்ப்பு இருந்தது. பேனாவும் காகிதமும் அகப்பட்டால் பறிபோகும். ஆகவே, எல்லாரும் தூங்கியபின் கழிப்பறைக்குள் போய் நின்றுகொண்டே எழுதினார். எழுதியதைத் துணிமணிகளுக்கு நடுவே ஒளித்து வைத்தார். அவற்றை இரகசியமாக வெளியே கொண்டுபோய்ச் சேர்க்க உதவியவர் அவருடைய தாயார். ஆள் தெரியாமல் இருக்கச் 'சல்மா' என்ற புனைபெயர் உதவியது.

முதல் கவிதைத் தொகுதி 2000-இல் வந்தது. 2001-இல் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. அந்த ஊரைச் சேர்ந்த பொன்னம்பட்டிப் பேரூராட்சியின் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. வீட்டுக்கு வெளியே வரக் கூடாது என்று இருந்த பெண், ஓட்டுக் கேட்டுத் தெருவில் நடந்தார். வென்றார். 2025-இல் டில்லி மாநிலங்களவைக்கும் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஒளிந்து எழுதுகிற எல்லாரும் கவிஞர் ஆவதில்லை. எம்.பி. ஆவதும் இல்லை. ஆனால், சல்மாவுக்குக் கழிப்பறையில் கிடைத்த அந்த இரவு நேரம், மனம் செத்துப்போகாமல் காத்தது. அந்த அளவுக்காவது ஒரு நேரமும் ஓர் இடமும் எல்லாப் பெண்களுக்கும் வேண்டும்.

"ஆம்பிளை அழலாமா?"

பெண்ணுக்கு எழுத இடம் இல்லை. ஆணுக்கு என்ன குறை? மேசை உண்டு, பேனா உண்டு, கேள்வி கேட்க ஆள் கிடையாது. ஆனால் அவனுக்கு வேறொரு பூட்டு.

ஐந்து வயதுப் பையன் கீழே விழுந்து அழுகிறான். "பொட்டைப் பிள்ளை மாதிரி அழாதே!" என்று அதட்டுகிறோம். அன்று போட்ட பூட்டு அவனுக்கு அறுபது வயதானாலும் திறப்பதில்லை. ஜல்லிக்கட்டில் காளையின் திமிலைப் பிடிப்பவனுக்குக் கைதட்டுகிறோம். அவன் வீட்டுக்கு வந்து, "கடனை நினைத்தால் பயமாக இருக்கிறது" என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

அயலூர் போய்ச் சம்பாதித்த ஆண்கள் அந்தக் காலத்தில் வீட்டுக்குக் கடிதம் போட்டார்கள். நலம், நலமறிய ஆவல், மணியார்டர் அனுப்பியிருக்கிறேன், மாட்டைப் பார்த்துக்கொள்ளவும் என்று எல்லாம் இருக்கும். தனிமையில் பட்ட வேதனை மட்டும் இருக்காது. இன்று பலர் மதுக்கடைக்குப் போய்த்தான் அழுகிறார்கள்.

இதன் விளைவு மிகவும் கொடியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, மனச்சோர்வு நோய் ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகம். ஆனால், இந்தியாவில் 2022-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட 1,70,924 பேரில், நூற்றுக்கு 72 பேர் ஆண்கள்! பெண்களிலோ, பாதிப் பேருக்கு மேல் இல்லத்தரசிகள். ஒவ்வொரு சாவுக்கும் பல காரணங்கள் இருக்கும். ஆனாலும், சொல்ல முடியாமல் தவித்த நாட்கள் பலருடைய வாழ்விலும் இருந்திருக்கும்.

ஆண்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சி உண்டு. டல்லாஸ் நகரத்தில் ஒரு கம்பெனி பல என்ஜினீயர்களை வேலையிலிருந்து நீக்கிவிட்டது. பெரும்பாலும் ஐம்பது வயதை ஒட்டிய ஆண்கள். அவர்களுக்குக் கோபம் தாங்கவில்லை. சிலரை மட்டும், வேலை போனதால் பட்ட அவமானத்தையும் கோபத்தையும் ஐந்து நாட்கள் எழுதச் சொன்னார்கள். எழுதியவர்களுக்கு மற்றவர்களைவிட விரைவில் வேறு வேலை கிடைத்தது! 1994-இல் வெளிவந்த முடிவு இது. எழுதியவர்கள் மற்றவர்களைவிட அதிக இடங்களில் வேலை தேடினார்கள் என்று சொல்ல முடியவில்லை. கோபத்தைக் காகிதத்தில் இறக்கிவிட்டு, புது முதலாளியின் முன்னால் நிதானமாக உட்கார முடிந்ததே காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதினார்கள்.

1998-இல் ஜோஷுவா ஸ்மித் என்பவர் 13 ஆராய்ச்சிகளை ஒப்பிட்டார். ஆண்கள் அதிகமாக இருந்த ஆராய்ச்சிகளில் நன்மையும் அதிகமாக இருந்தது. பெண்கள் தோழியிடமாவது சொல்கிறார்கள். ஆண்கள் யாரிடமும் சொல்வதில்லை. அதனால் எழுத்து ஆண்களுக்கு அதிகம் பயன்படுகிறது போலும் என்பது ஒரு விளக்கம். இது முடிந்த முடிவு அன்று. ஆனாலும், "எழுதுவதும் அழுவதும் பெண்களின் வேலை" என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எழுதுவது எப்படி?

இதற்குப் பண்டிதத் தமிழ் வேண்டாம். எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலை வேண்டாம். ஊரில் எப்படிப் பேசுகிறோமோ அப்படியே எழுதலாம். நேற்றுத்தான் எழுதக் கற்றுக்கொண்டவரும் எழுதலாம்.

மூன்று அல்லது நான்கு நாட்கள், நாளைக்குக் கால் மணி நேரம் போதும். யாரும் வராத இடத்தில் உட்கார வேண்டும். பேனாவை எடுத்தால், நேரம் முடியும் வரை நிறுத்தாமல் எழுத வேண்டும். என்ன நடந்தது என்பதையும் எழுத வேண்டும், அப்பொழுது மனம் என்ன பாடுபட்டது என்பதையும் எழுத வேண்டும். அன்றாடச் செலவுக் கணக்கை எழுதுவது போல் நடந்ததை மட்டும் எழுதினால் பயன் குறைவு.

எழுதியதைப் பத்திரமாக வைக்கலாம். கிழித்துப் போடலாம். அடுப்பில் போட்டு எரிக்கலாம். அது எழுதியவரின் இஷ்டம். அதைத் தொலைபேசியில் நாலு பேருக்கு அனுப்புவது மட்டும் வேறு விஷயம். நாலு பேர் படிப்பார்கள் என்று தெரிந்தால், உண்மையை விட்டுவிட்டு நாலு பேருக்குப் பிடித்ததை எழுதத் தொடங்கிவிடுவோம்.

முதல் நாள் அழுகை வந்தால் பயப்பட வேண்டாம். சிறிது நேரத்தில் தணியும். ஆனால், எழுத எழுத நெஞ்சு தாங்காது என்று தோன்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும். வேறு எதையாவது எழுதலாம்.

எழுத்து மட்டும் போதாத இடங்கள்

எழுதுவதால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் எண்ணக் கூடாது. மணவாழ்வில் பிரிந்தவர்களிடம் நடத்திய ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2013-இல் வெளிவந்தது. "ஏன் இப்படி ஆயிற்று, ஏன் இப்படி ஆயிற்று?" என்று ஓயாமல் குடைந்துகொண்டிருந்தவர்களுக்கு, துயரத்தை எழுதியது குணமாவதைத் தாமதப்படுத்தியது. அவர்கள் அன்றாட வேலைகளை எழுதியதே நல்லதாக இருந்தது. சாவு போன்ற பெருந்துயரம் நேர்ந்த உடனேயும் இதைத் தொடங்க வேண்டாம். சில வாரங்கள் போகட்டும்.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலையில் மனம் செல்லவில்லை என்றால் அது நோய். காய்ச்சலுக்கு டாக்டரிடம் போவது போல இதற்கும் போக வேண்டும். மதுரையில் அரசு இராஜாஜி மருத்துவமனையில் மனநோய்ப் பிரிவு இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. 14416 என்ற எண்ணில் கூப்பிடலாம். 2022-இல் தொடங்கிய இந்த அரசு உதவி எண்ணுக்குக் கட்டணம் கிடையாது. தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்றும் உண்டு. கணவன் அடிக்கிறான் என்றால், மனைவி அதை நோட்டில் எழுதினால் மட்டும் அடி நிற்காது. அதற்குச் சட்டம் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, பெண்களுக்கான 181 என்ற உதவி எண் இருக்கிறது. ஆனால், "எனக்கு நடந்தது இதுதான்" என்று ஒரு முறை தெளிவாக எழுதிப் பார்த்தவளுக்கு, அதை மற்றவரிடம் எடுத்துச் சொல்லும் தைரியம் வரலாம்.

அந்த நோட்டைத் திறக்காதீர்கள்

டல்லாஸ் மாணவர்கள் மனத்தைத் திறந்து எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. அவர்கள் எழுதியதை இன்னார் எழுதியது என்று யாரும் அறிய மாட்டார்கள் என்று முன்கூட்டியே உறுதி கொடுத்திருந்தார்கள். சல்மா ஒளிந்து எழுத வேண்டியிருந்ததற்குக் காரணம், அந்த உறுதியைக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லாததுதான்.

நம் வீடுகளில் இது பெரிய குறை. மகளின் பையைத் தாய் சோதிக்கிறாள். மனைவியின் பெட்டியைக் கணவன் திறக்கிறான். தம்பியின் நோட்டை அண்ணன் எடுத்து, எல்லாரும் சிரிக்கும்படி உரக்கப் படிக்கிறான். "நமக்குள் என்ன ஒளிவு மறைவு?" என்று நியாயமும் சொல்கிறோம். ஒரே ஒரு முறை இப்படி நடந்தால் போதும். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு எழுத மாட்டான். பேசவும் மாட்டான்.

காகிதத்துக்கு வாய் கிடையாது. அதைத் திருடிப் படிக்கிறவருக்குத்தான் வாய் உண்டு.

பிள்ளையின் முகம் வாடியிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். ஆபத்து என்று பயந்தால் டாக்டரிடம் அழைத்துப் போகலாம். நோட்டைத் திருடுவது இரண்டுக்கும் ஈடாகாது.

பள்ளிக்கூடம் திறக்கும்பொழுது கணக்குக்கு ஒன்று, விஞ்ஞானத்துக்கு ஒன்று என்று நோட்டு வாங்குகிறோம். கூட ஒன்று வாங்கினால் பெரிய செலவு ஆகிவிடாது. மகளுக்கு ஒன்று, மகனுக்கும் ஒன்று. மனைவிக்கும் ஒன்று வாங்கி வரலாம். அட்டையில் பெயரை எழுதிக் கையில் கொடுங்கள். உள்ளே என்ன எழுதினாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.